நான்கு சதவீத ஆற்றுப்படை

மெஸ்தியாவில் மின்சாரம் திரும்பியதும்
ஒப்பந்தத்தை மறுபடி திறந்தேன்.
பதினோரு பக்கம்.
விஷயம் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது:
என் லிங்க்கைத் தொட்டு வருகிறவர்
முப்பது நாளுக்குள் அறை எடுத்தால்
வாடகையில் நான்கு சதவீதம் எனக்கு.
முப்பத்தோராம் நாள் எடுத்தால்
நான் யாரோ, அவர் யாரோ.

ஐம்பது டாலர் சேரும்வரை
பணம் அவர்களிடமே உறங்குமாம்.
உறங்கும் என்றுதான் எழுதியிருந்தார்கள்.
எவ்வளவு மெத்தென்ற சொல்.

எட்டு வருடமாய் இந்த நடையை எழுதுகிறேன்,
மெஸ்தியாவிலிருந்து உஷ்குலி, நான்கு நாள்.
எந்த வேலியருகே நாய் அவிழ்ந்து கிடக்கும்,
எந்தப் பாலத்தில் மூன்றாவது பலகை இல்லை,
அதிஷி தாண்டி வரும் ஆற்றை
ஏன் காலையிலேயே கடக்க வேண்டும்:
வெயில் ஏறினால் பனி உருகி
முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு வரும்.
இதற்கெல்லாம் யாரும் காசு தந்ததில்லை.
ஒரு டச்சுக்காரர் மட்டும்
கம்பளிக் காலுறை அனுப்பினார்,
இரண்டும் இடது காலுக்கு.

பதூமியிலிருந்து கோச்சா பேசினான்.
போன மாதம் அவனுக்குத் தொள்ளாயிரம் லரி.
"சும்மா கிடக்கிற வழிக்கு
வாடகை வருதுன்னு நினைச்சுக்கோயேன்."

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமே.
அளந்தேன்.
மாதம் அறுநூறு பேர் படிக்கிறார்கள்.
நூற்றுக்கு மூன்று பேர் தொடுவார்கள், பதினெட்டு.
அதில் ஒருவர் அறை எடுப்பார், நல்ல மாதமென்றால்.
அறை நூற்றிருபது லரி.
என் பங்கு நான்கு லரி எண்பது தெத்ரி.
வருடத்தில் நடக்க முடிந்த மாதம் நான்கு.
அந்த ஐம்பது டாலர் கண் விழிக்க
ஏழு கோடை ஆகும்.

இங்கேயே மூடியிருக்கலாம்.
ஆனால் தொகை சின்னது என்பதால் மறுத்தால்
தொகை பெரிதானால் ஒப்புவேன் என்றாகிறது.

அதிஷியில் லமாரா வீட்டில் ஐந்து கட்டில்.
அவளுக்கு லிங்க் கிடையாது,
கதவு உண்டு.
நான் சேர்ந்தால் அடுத்த கோடையில்
அவள் சூப்பைப் பற்றிய வரி தானாய்ச் சுருங்கும்.
நான் படுத்தேயிராத ஓட்டலின் ஜன்னல்
தானாய் அகலும்.
எழுதச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள்.
கைக்குத் தெரிந்துவிடும்.

அவளிடமே போய்ச் சொன்னேன்.
பாலாடைக்கட்டிக்கு உப்பு தடவிக்கொண்டே சிரித்தாள்.
"ஆறு கடக்க முர்ஸாவின் குதிரைக்கு
ஆள் அனுப்புகிறேனே,
ஒவ்வொரு அக்டோபரும் என் வாசலில்
ஒரு வண்டி விறகு
வானத்திலிருந்தா விழுகிறது?"

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை.
இறங்கி வரும்போது நானே எண்ணினேன்:
எட்டு வருடத்தில் அவள் வீட்டில்
நாற்பது இரவு தூங்கியிருக்கிறேன்,
ஒரு தெத்ரி கொடுத்ததில்லை.

அன்றைக்கு முழுதும் எரிச்சலாக இருந்தேன்.
கைசுத்தம் என்று நான் நினைத்தது
ரசீது இல்லாத தரகு.

ஆனாலும் ஒன்று இருக்கிறது.
முர்ஸாவின் குதிரை மிரண்டால்
நனைந்தவன் திரும்பி வருவது
லமாராவின் அடுப்புக்குத்தான்.
விறகு அவளுடையது, வசவும் அவளுக்கு.
என் லிங்க் வழி போனவன்
எந்த அறையில் விறைத்தான் என்று
எனக்கு வந்து யார் சொல்வார்?

நான் தூங்கிய வீடுகளை எழுதிப் பார்த்தேன், ஏழு.
நிறுவனத்தின் பட்டியலில் இருப்பது அதில் இரண்டு.
சேர்ந்தால் அந்த இரண்டுக்கு மட்டும்.
அப்படியென்றால் ஏழு கோடையும் போதாது.

இரவு, எதையும் ஒப்புக்கொள்ளும் முன்
முதல் வரியாக இதை எழுதி வைத்தேன்:
'இரண்டு வீடுகளில் எனக்கு நான்கு சதவீதம் வரலாம்.
லமாரா வீட்டில் எனக்குக் கட்டில் இலவசம்.
இரண்டையும் கழித்துவிட்டு என்னை நம்பு.'

ஒப்பந்தம் இன்னும் திறந்தே இருக்கிறது.
பாலத்தில் மூன்றாவது பலகை போட்டுவிட்டார்களாம்.
அதை முதலில் திருத்தினேன்.